தொடாமல் பார்த்த விழித்திரை

விழித்திரையின் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். அந்தக் கால் மில்லிமீட்டருக்குள் பத்து அடுக்குகள் இருக்கின்றன; ஒளியை உணரும் செல்கள் அடியிலும், அவை தரும் சமிக்ஞையை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் மேலுமாக அமைந்திருக்கின்றன. கருவில் மூளையின் ஒரு கிளையாகவே விழித்திரை வளர்கிறது. ஆகவே, மைய நரம்பு மண்டலத்தின் ஒரு பகுதியையும் அதற்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கத்தி வைக்காமல் நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம் உடலில் இது ஒன்றுதான். அப்படியிருந்தும், விழித்திரை நோய்களைப் பற்றி நீண்ட காலம் மருத்துவம் அறிந்திருந்தவற்றில் பெரும்பகுதி இறந்தவர்களின் கண்களிலிருந்து கிடைத்தது. கல்லீரலிலிருந்தோ தோலிலிருந்தோ சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதுபோல விழித்திரையிலிருந்து எடுக்க முடியாது. எடுத்த இடத்தில் பார்வை போய்விடும். நோய்க்கூற்றியல் வல்லுநரின் நுண்ணோக்கிக்குக் கீழே வந்து சேர்ந்தவை வெவ்வேறு மனிதர்களின் கண்கள். அவற்றுள் பெரும்பாலானவை நோய் முற்றிய நிலையில் இருந்தவை. ஒரே கண்ணில் நோய் எங்கே தொடங்கி எப்படி நகர்ந்தது என்பதை அவர் ஊகித்துத்தான் ஆகவேண்டியிருந்தது.

ஊசியும் கத்தியும் இல்லாத படமெடுப்பு முறைகளின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நோயாளிக்கு வலியில்லை, சில நிமிடங்களில் வேலை முடிகிறது என்பதெல்லாம் நல்ல விஷயங்களே. ஆனால் தீங்கில்லாத சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யலாம் என்பது அவற்றைவிடப் பெரிய விஷயம். அதே கண்ணை, அதே இடத்தில், இந்த மாதமும் அடுத்த மாதமும் ஐந்து ஆண்டுகள் கழித்தும் படமெடுத்து ஒப்பிட முடிகிறபோது, நோயைப் பற்றிய அறிவின் தன்மையே மாறிவிடுகிறது.

விழித்திரையை உயிருள்ள கண்ணில் பார்க்கும் வழியை ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் தமது கண்ணோக்கிக் கருவியின் மூலம் திறந்துவிட்டார். பின்னர் ஃபண்டஸ் கேமராக்கள் வந்தன. கண்ணின் பின்புறத்தை நிறத்தோடு பதிவு செய்தன. இவை இரண்டும் மேற்பரப்பைக் காட்டுபவை; இரத்தக் கசிவையும் கொழுப்புப் படிவையும் காட்டும், ஆழத்தைக் காட்டா. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களாக இருந்த நோவோட்னி, ஆல்விஸ் இருவரும் ஃபுளோரசீன் என்ற சாயத்தைக் கையின் சிரைக்குள் செலுத்தி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதைப் படமெடுத்தார்கள். அவர்களது கட்டுரை கண் மருத்துவ இதழ் எதிலும் வரவில்லை; இதயமும் இரத்த ஓட்டமும் சார்ந்த ‘சர்க்குலேஷன்’ இதழில் 1961இல் வெளியானது. குழாய் எங்கே அடைபட்டிருக்கிறது, எங்கே கசிகிறது என்பதை அந்த ஆஞ்சியோகிராம் தெளிவாகக் காட்டியது, இன்றும் காட்டுகிறது. ஆனால் சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும், மிக அரிதாக உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையும் நேரும். ஆகவே அதை மாதந்தோறும் செய்யச் சொல்லி எந்த மருத்துவரும் எழுதித் தருவதில்லை.

திருப்புமுனை 1991இல் வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோவின் ஆய்வுக்கூடமும் பாஸ்டன் பகுதிக் கண் மருத்துவர்களும் சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். முதல் ஆசிரியரான டேவிட் ஹுவாங் அப்போது மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்த மாணவர். எரிக் ஸ்வான்சன் செயற்கைக்கோள்களுக்கிடையே ஒளிவழித் தகவல்தொடர்பு குறித்துப் பணியாற்றிவந்த பொறியாளர். இவர்கள் முன்வைத்த முறையே ஓசிடி என்று இன்று கண் மருத்துவமனைகளில் எல்லோரும் சொல்லும் ஒளியியல் குறுக்குவெட்டுப் படமெடுப்பு. 2023ஆம் ஆண்டின் லாஸ்கர் மருத்துவ விருது இம்மூவருக்கும் வழங்கப்பட்டது.

இதன் அடிப்படையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. அல்ட்ராசவுண்ட் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதிலிருந்து ஆழத்தைக் கணக்கிடுகிறது. ஒலி மெதுவாகச் செல்வதால் அந்த நேரத்தை மின்னணுக் கருவிகளால் அளக்க முடியும். ஒளி அப்படியல்ல. 10 மைக்ரான் தூரத்தைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் 30 லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம்தான் தேவைப்படுகிறது. அதை நேரடியாக அளக்கும் கடிகாரம் கிடையாது. எனவே ஓசிடி கருவி, கண்ணுக்குத் துன்பம் தராத அண்மை அகச்சிவப்பு ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றொன்றைத் தொலைவு தெரிந்த ஒரு கண்ணாடிக்கும் அனுப்புகிறது. திரும்பிவரும் இரண்டு கதிர்களும் கடந்துவந்த தூரம் ஏறத்தாழச் சமமாக இருந்தால் மட்டுமே அவை ஒன்றோடொன்று குறுக்கிட்டு அடையாளம் விடும். அந்த அடையாளத்திலிருந்து, ஒளி எந்த ஆழத்தில் பட்டுத் திரும்பியது என்பது தெரிந்துவிடுகிறது. ஆரம்பக் கருவிகள் அந்தக் கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தி ஒவ்வோர் ஆழமாகத் தேடின. 2002இல் வந்த ஸ்ட்ராட்டஸ் கருவி நொடிக்கு 400 ஆழக் கோடுகளைத்தான் பதிவு செய்தது. பின்னர் கண்ணாடியை நகர்த்தாமலே, திரும்பிய ஒளியின் நிறமாலையைப் பகுத்து எல்லா ஆழங்களையும் ஒருசேரக் கணக்கிடும் முறை வந்தது. வேகம் நொடிக்கு 20,000 கோடுகளைத் தாண்டி, இப்போது லட்சத்தையும் கடந்திருக்கிறது. கண் ஒரு கணமும் அசையாமல் இருப்பதில்லை என்பதால், இந்த வேகம் இல்லாமல் தெளிவான படம் கிடைத்திருக்காது.

சர்க்கரை நோயால், விழித்திரையின் மையப் பகுதியான மாகுலாவில் வீக்கம் கண்ட ஒருவரின் ஓசிடி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் இந்தக் கருவி என்ன செய்கிறது என்பது புரிந்துவிடும். நோயாளி முகவாய்க்கட்டையைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் சிறு குறியைச் சில நொடிகள் உற்றுப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் அவருடைய பங்கு. படத்தில் விழித்திரை இடமிருந்து வலமாக ஒரு சாம்பல் நிறப் பட்டையாக ஓடுகிறது. ஆரோக்கியமான கண்ணில் நடுவே ஒரு மென்மையான பள்ளம் இருக்கும். கூர்மையான பார்வைக்கு உரிய ஃபோவியா அதுதான். இந்தப் படத்தில் பள்ளம் இல்லை. அந்த இடம் மேடாக எழும்பியிருக்கிறது. மேட்டுக்குள் கறுப்பு நிறத்தில் உருண்டையான வெற்றிடங்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அவை நீர் தேங்கிய பைகள். நீர் ஒளியைத் திருப்பி அனுப்பாததால் கறுப்பாகத் தெரிகின்றன. பக்கத்தில் சில வெள்ளைப் புள்ளிகள், அவற்றுக்குக் கீழே நிழல். கசிந்த கொழுப்பும் புரதமும் படிந்த இடங்கள். படத்தின் ஓரத்திலுள்ள வண்ண வரைபடத்தில் நடுவட்டம் சிவப்பாகவும் வெண்மையாகவும் இருக்கிறது; அதில் எழுதியுள்ள எண் மைக்ரான் கணக்கில் தடிமனைச் சொல்கிறது. கண்ணுக்குள் ஊசி மருந்து போட்ட ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் எடுத்த படத்தை அருகில் வைத்தால், பைகள் சுருங்கிப் பள்ளம் மீண்டும் தலைகாட்டுவதைக் காணலாம். மருந்து வேலை செய்கிறதா, அடுத்த ஊசி இப்போதே வேண்டுமா, சில வாரங்கள் பொறுக்கலாமா என்ற முடிவுகள் இன்று உலகெங்கும் பெரும்பாலும் இந்த ஒப்பீட்டை வைத்தே எடுக்கப்படுகின்றன. 2005, 2006 ஆண்டுகளில் பெவாசிசுமாப், ரானிபிசுமாப் என்ற இவ்வகை ஊசி மருந்துகள் கண் சிகிச்சைக்குள் வந்தபோது ஓசிடி ஏற்கெனவே மருத்துவமனைகளில் இருந்தது பெரும் நற்பேறு. அது இல்லாதிருந்தால் ஒவ்வொரு நோயாளிக்கும் குருட்டுக் கணக்கில் மாதம் ஓர் ஊசி என்றே தொடர்ந்திருக்க வேண்டும்.

அந்த எண்ணை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. நோயாளிகள் அறிய வேண்டியது இது. விழித்திரையின் அடிவிளிம்பு எது என்பதை ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் ஒவ்வோர் இடத்தில் வரைகிறது. பழைய ஸ்ட்ராட்டஸ், ஒளியுணர் செல்களின் நடுவே தெரியும் ஒரு வெண்கோடு வரைக்கும் அளந்தது. சிரஸ் கருவி நிறமிச் செல் அடுக்கு வரைக்கும், ஸ்பெக்ட்ராலிஸ் கருவி அதற்கும் கீழேயுள்ள சவ்வு வரைக்கும் அளக்கின்றன. ஆகவே ஒரே கண்ணை ஒரே நாளில் மூன்றிலும் அளந்தால் மூன்று எண்கள் வரும். ஓர் ஊரில் எடுத்த ஓசிடி தாளையும் வேறொரு ஊரில் வேறு கருவியில் எடுத்த தாளையும் வைத்துக்கொண்டு “வீக்கம் கூடிவிட்டது” என்று கவலைப்படுவது தேவையற்ற கவலையாக இருக்கக்கூடும். முடிந்தவரை ஒரே வகைக் கருவியில் தொடர்ந்து பார்ப்பதும் பழைய தாள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. மேலும், தடிமன் குறைவதும் பார்வை கூடுவதும் எப்போதும் கைகோத்துச் செல்வதில்லை. வீக்கம் முழுதும் வற்றியும் பார்வை திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். உள்ளடுக்குகளின் ஒழுங்கு குலைந்துபோன கண்களில் இது அதிகம் நேர்கிறது என்பதையும் ஓசிடி படங்களே பிற்பாடு காட்டின.

தொடர்ந்து பார்ப்பது பழைய விளக்கங்களை எப்படித் திருத்தியது என்பதற்கு மாகுலா துளை நல்ல எடுத்துக்காட்டு. விழித்திரையின் மையத்தில் தானாக ஒரு துளை விழும் இந்த நோயில், கண்ணுக்குள் இருக்கும் கூழ்ப்பொருள் மேற்பரப்பை ஒட்டிக் கிடைவாட்டில் இழுப்பதே காரணம் என்று 1988இல் டொனால்டு காஸ் விளக்கியிருந்தார். கண்ணோக்கியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் வகுத்த நிலைகள் இன்றும் வியக்கவைக்கும் அளவுக்குக் கூர்மையானவை. ஆனால் 1990களில் ஓசிடி படங்கள் குவிந்தபோது இன்னொரு காட்சி தெரிந்தது. வயதாகும்போது கூழ்ப்பொருள் சுற்றிலும் விழித்திரையைவிட்டு விலகினாலும் ஃபோவியாவின் நடுப்புள்ளியை மட்டும் விடாமல் பற்றிக்கொள்கிறது. அந்த முன்பின் இழுப்பில் முதலில் ஒரு சிறு நீர்ப்பை உண்டாகி, பின்னர் அதன் கூரை கிழிந்து துளையாகிறது. சிலருக்குப் பிடி தானே விட்டுப்போய்ப் பள்ளம் பழையபடி சீராகிவிடுவதும் தெரியவந்தது. காத்திருப்பதா, அறுவை செய்வதா என்று முடிவெடுக்க உதவும் இந்த வேறுபாட்டை இறந்தவரின் கண்ணில் யாரும் கண்டிருக்க முடியாது.

முடக்குவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் ஆண்டுக்கணக்கில் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மாத்திரை சாப்பிடுவோர் விஷயத்தில் இந்த அறிவு நேரடியாகப் பயன் தருகிறது. அம்மருந்து சிலரின் ஒளியுணர் செல்களை மெல்ல அழிக்கிறது. ஃபோவியாவைச் சுற்றி வளையம் போன்ற நிறமாற்றம் கண்ணோக்கியில் தெரியும் நாளில் சேதம் வெகுதூரம் போயிருக்கும்; மாத்திரையை நிறுத்தினாலும் இழந்தது திரும்பாது. ஓசிடியில் அதற்கு வெகு முன்பே, ஒளியுணர் செல்களின் நடுவே தெரியும் அந்த வெண்கோடு நைந்துபோவது தெரிகிறது. அதனால்தான் அமெரிக்கக் கண் மருத்துவக் கழகத்தின் 2016 வழிகாட்டுதல், தொடக்கத்தில் ஒருமுறையும், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் கண்ணைச் சோதிக்கச் சொல்கிறது. பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுபவர்களைப் பற்றி நினைக்கையில் மனம் வருந்துகிறது. பார்வை நன்றாக இருக்கும்போது செய்வதற்காகவே ஏற்பட்ட சோதனை இது.

சாயமே இல்லாத ஆஞ்சியோகிராம் 2014 வாக்கில் மருத்துவமனைகளுக்கு வந்தது. ஒரே இடத்தைச் சில மில்லிநொடி இடைவெளியில் மீண்டும் மீண்டும் ஓசிடி எடுத்தால் திசு மாறாமல் இருக்கும். ஓடும் இரத்த அணுக்கள் மட்டும் மாறியிருக்கும். அந்த மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்தால் இரத்தக் குழாய்களின் வலைப்பின்னல் அடுக்கடுக்காகக் கிடைக்கிறது. ஃபுளோரசீன் படங்களில் சரிவரத் தெரியாத ஆழமான நுண்குழாய் வலையை இம்முறை காட்டியது. வயது சார்ந்த மாகுலாச் சிதைவில், கசிவு ஏதுமின்றி அடியில் ஓசையில்லாமல் வளரும் புதுக் குழாய்களையும் காட்டியது. ஆனால் இது கசிவைக் காட்டாது. மிக மெதுவாக ஓடும் இரத்தம் இதன் கண்ணில் படாது. மேலடுக்குக் குழாயின் நிழல் கீழடுக்கில் பொய்யான குழாயாகத் தெரிவதும் உண்டு. படத்தில் இல்லாத குழாய் உண்மையிலேயே அடைபட்டதா, அல்லது ஓட்டம் குறைந்ததா என்பதை அனுபவமுள்ளவரே பிரித்துச் சொல்ல வேண்டும்.

படம் ஒன்றே சாட்சியாகும்போது எழும் சிக்கலை, வறண்ட வகை மாகுலாச் சிதைவுக்கான மருந்து விவாதம் தெளிவாக்குகிறது. விழித்திரைக்குக் கீழே இருக்கும் நிறமிச் செல்களில் லிப்போஃபியூசின் என்ற கழிவு சேர்ந்திருக்கும். நீல ஒளி பட்டால் அது தானே ஒளிரும். அந்தத் தன்னொளியைப் படமெடுத்தால், உயிருள்ள செல்கள் மங்கலான வெளிச்சமாகவும், செல்கள் மடிந்த திட்டுகள் கரும்பள்ளமாகவும் தெரிகின்றன. திட்டின் பரப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் நோய் எந்த வேகத்தில் பரவுகிறது என்பது எண்ணாகவே கிடைக்கிறது. பெக்செட்டகோப்லான் என்ற மருந்தின் சோதனைகள் இந்தப் பரப்பையே முதன்மை அளவுகோலாகக் கொண்டன; மருந்து பெற்ற கண்களில் திட்டு வளரும் வேகம் குறைந்தது. அதை ஏற்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 பிப்ரவரியில் அனுமதி தந்தது. ஐரோப்பிய மருந்து முகமையோ, திட்டு மெதுவாக வளர்வது நோயாளியின் அன்றாடப் பார்வையில் பயனாக மாறியதற்குச் சான்று போதாது என்று 2024இல் மறுத்துவிட்டது. இரண்டு முடிவுகளும் ஒரே தரவிலிருந்து வந்தவை. கரும்பள்ளம் வளராமல் இருப்பது நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் முதியவர் ஒருவர் கண்ணுக்குள் பலமுறை ஊசி போட்டுக்கொள்ளும்போது, படத்தில் கண்ட பயன் அவருடைய வாசிப்பிலும் நடையிலும் தெரியவேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

இந்தியாவில் இத்தொழில்நுட்பம் சந்திக்கும் கேள்வி வேறு. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. சென்னையில் நடந்த க்யூர்ஸ் கண் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. இத்தனை பேரையும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரை வல்லுநரிடம் அனுப்புவது நடக்கிற காரியம் அல்ல. படத்தைத்தான் அனுப்ப முடியும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் இந்தத் துறையில் உலகளவில் பேசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். 2016இல் ‘ஜாமா’ இதழில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், 1,28,175 ஃபண்டஸ் படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கணினி, சர்க்கரை நோய் விழித்திரை பாதிப்பை வல்லுநர்களுக்கு நிகராக அடையாளம் கண்டது. அப்படங்களில் ஒரு பகுதி இவ்விரு மருத்துவமனைகளிலிருந்தும் சென்றவை. பின்னர் இவ்விரு இடங்களிலும் 3,049 நோயாளிகளிடம் அதே முறை நேரடியாகச் சோதிக்கப்பட்டு, 2019இல் முடிவு வெளியானது.

ஆயினும் ஃபண்டஸ் படம் தட்டையானது. மாகுலா வீங்கியிருக்கிறதா என்பதை, மஞ்சள் படிவுகள் இருக்கின்றனவா என்று பார்த்து ஊகிக்கத்தான் அதனால் முடியும். படிவில்லாத வீக்கம் தப்பிப்போகும், வீக்கமில்லாத படிவு தேவையில்லாமல் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படும். கண்புரை உள்ளவர்களின் படம் மங்கலாக வந்து, படிக்கவே முடியாமல் போவதும் முகாம்களில் அன்றாடம் நிகழ்வது. அப்படிப்பட்டவரை “படம் சரியில்லை” என்று குறித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடு இருந்தால்தான் அந்தத் திட்டம் முழுமையானது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழித்திரையைப் பொறுத்தவரை இந்த ஏற்பாடு இன்னும் அவசரமானது. 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த நான்கு வாரத்துக்குள் முதல் சோதனை நடந்தாக வேண்டும் என்பது இந்திய வழிகாட்டுதல். கர்நாடகத்தில் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் அகல்கோணக் கேமராவுடன் மாவட்ட மருத்துவமனைகளுக்குச் சென்று படமெடுத்து அனுப்ப, தொலைவிலிருக்கும் வல்லுநர் பார்த்து முடிவு சொல்லும் திட்டம் 2008 முதல் நடந்துவருகிறது. சிகிச்சை தேவைப்படும் நிலை கண்டால் இரண்டு மூன்று நாட்களுக்குள் லேசர் கிடைக்க வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் பார்வை இல்லாமல் போகலாம்.

ஆய்வுக்கூடங்களில் படம் இன்னும் நுண்ணிய அளவை எட்டியிருக்கிறது. ஓசிடி ஆழத்தில் கூர்மையானது. பக்கவாட்டில் கண்ணின் கருவிழியும் லென்சும் ஒளியைச் சிதைப்பதால் தனித்தனிச் செல்லைப் பிரித்துக் காட்டாது. தொலைநோக்கிகளில் வளிமண்டலத்தின் கலக்கத்தை ஈடுசெய்ய வானியலாளர்கள் பயன்படுத்திய, நொடிக்கு நொடி வடிவம் மாறும் கண்ணாடியைக் கண்ணுக்குப் பொருத்திப் பார்த்தார்கள் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜன்ஜோங் லியாங், டேவிட் வில்லியம்ஸ், டொனால்டு மில்லர் மூவரும். 1997இல் உயிருள்ள மனிதரின் கண்ணில், ஒளியுணர் செல்களில் ஒரு வகையான கூம்புச் செல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பரம்பரை விழித்திரைச் சிதைவு நோய்களில் எந்தச் செல் எப்போது மறைகிறது என்று எண்ணிப் பார்ப்பது அதன் பிறகு சாத்தியமாயிற்று. விலங்கு ஆய்விலும் மாற்றம் நேர்ந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் சில எலிகளைக் கொன்று பார்க்க வேண்டியிருந்த இடத்தில், ஒரே எலியின் கண்ணைப் பல மாதம் தொடர்ந்து பார்க்க முடிகிறது.

செல் இருக்கிறதா என்பதைத் தாண்டி, அது வேலை செய்கிறதா என்று கேட்பதுதான் இப்போதைய முயற்சி. ஒளி பட்டதும் ஒளியுணர் செல்லின் நீளம் நானோமீட்டர் கணக்கில் மாறுகிறது. ஓசிடி ஒளியின் அலைக்கட்டத்தைத் துல்லியமாகப் படித்தால் அந்த மாற்றத்தை அளக்க முடியும். 2021இல் இண்டியானாவில் மில்லரின் குழு மாலைக்கண்ணில் தொடங்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா நோயாளிகளின் கண்களில் இம்முறையைப் பயன்படுத்தி, இன்னும் உயிரோடு நிற்கும் கூம்புச் செல்களிலேயே ஒளிக்கு எதிர்வினை குறைந்திருப்பதைக் காட்டியது. மரபணுச் சிகிச்சையோ புதிய மருந்தோ தரப்படும் கண்ணில், பார்வைப் பலகையின் எழுத்துகள் மாறும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திராமல், செல்களின் எதிர்வினையையே நேரடியாக அளந்து பயன் தெரிகிறதா என்று பார்க்கலாம் என்பதே இதன் எதிர்பார்ப்பு. இப்போதைக்கு இதற்கான கருவிகள் உலகில் சில ஆய்வுக்கூடங்களில் மட்டுமே இருக்கின்றன. ஒரு கண்ணின் சிறு பகுதியை அளந்து கணக்கிட்டு முடிக்கவே நீண்ட உழைப்பு தேவைப்படுகிறது.